ஏழாவது இடத்துக்குப் போட்ட திட்டம்

ஆரணி,
8.2.1998

அன்புள்ள வேணுகோபால் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் புஷ்பலதா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு வீரபாகு அண்ணனின் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். பெங்களூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். நேரில் பேச வெட்கமாக இருப்பதெல்லாம் பேனா பிடித்தால் தானாக வருகிறது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளம்.

"இந்த வருஷமும் நம் கிணற்றுத் தெரு டீம் ஹாக்கியில் நாலாவதாக வந்தால், நான் வாங்கிக் கொடுத்த மட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று நீங்கள் எழுதியதை, பெரியப்பா மகன் பாலு அண்ணன் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இப்போது அவர்தான் கேப்டன். மட்டை போனால் டீம் போயிற்று என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நான் வைக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாலும், அப்பா தறியில் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடுநூல் நாடாவைத் தள்ளுகிற நேரத்தில் எனக்கு யோசிப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது. நம் வியாதி என்ன என்று நான் கண்டுபிடித்துவிட்டேன் மாமா. ஏழு தெருவில் நாலாவது என்பது நட்டநடு. முதலில் வந்தால் கோப்பை. கடைசியில் வந்தால், தைப்பூசம் கழிந்து ஆள் பிரிக்கும்போது முதல் ஆளை நாம் எடுக்கலாம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, எந்தத் தெருவிலும் தறி கிடைக்காமல் சாயப்பட்டறையிலும் கடையிலும் இருக்கிற பையன்களைத்தானே பிரிக்கிறார்கள்? தறி கிடைத்தவன் அந்தத் தறி இருக்கிற தெருவுக்குத்தான் ஆடுவான். வருஷா வருஷம் மூன்று தெரு பொறுக்கி எடுத்த பிறகு மிச்சத்தில் நாம் எடுக்கிறோம். அப்படி வந்தவன்தான் படவேட்டுச் சின்னப்பையன். அருமையாக ஆடுவான், ஆனால் பாதி ஆட்டம்தான். அதற்குள் அவன் ஊர்க் கடைசி பஸ் வந்துவிடும். பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான்.

இந்த வருஷம் பிரிக்க வேண்டியவர்களில் சந்தவாசல் அஜித் இருக்கிறான். சாயப்பட்டறையில் வேலை. அவன் அடித்த பந்து பட்டு, கோலுக்குப் பின்னால் இருந்த தகரத் தட்டியில் பள்ளம் விழுந்துவிட்டது. அவன் வந்தால் அடுத்த வருஷம் கோப்பை நமக்கு. அதனால் நாம் கடைசியில் வந்தே தீர வேண்டும் என்று, தண்ணீர்க் குடம் கொண்டுபோன சாக்கில் பாலு அண்ணனிடம் சொன்னேன். அவர் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. பிறகு யோசித்து, சரி என்றார்.

தோற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். நம் ஆட்கள் நெசவுக்காரர்கள் என்பதை மறந்துவிட்டேன். இழை அறுந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே கை போய் முடிச்சுப் போட்டுவிடுமே, அந்தக் கை. கோல் காக்கிற வீரபாகு அண்ணனிடம் பந்தை விட்டுவிடச் சொன்னால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பந்து வந்ததும் பாய்ந்து தடுத்துவிடுகிறார். "இன்னா வீரபாகு, பேஜார் பண்ற! உன்னை யாரு தடுக்கச் சொன்னாங்க?" என்று பாலு அண்ணன் கத்தினால், "நான் இன்னாடா பண்ணட்டும், அதுவா போவுது கை" என்கிறார். இப்படி அவர் கை தடுத்துத் தடுத்து இரண்டு ஆட்டம் சமன் ஆகிவிட்டது. ஒன்றில் முழங்காலும் போய்விட்டது.

கடைசி ஆட்டம் மேட்டுத் தெருவோடு. அவர்களும் நாமும் சமமாக அடியில் இருந்தோம், தோற்பவருக்கு ஏழாவது இடம். அவர்களுக்கும் அஜித்தின் மேல் கண் என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பந்து நடு மைதானத்தில் கிடக்கிறது, இரண்டு பக்கமும் யாரும் கிட்டே போகவில்லை. "இன்னாங்கடா, பந்துக்குப் பூஜை போட்டுகினு இருக்கீங்களா?" என்று நடுவர் விசிலை ஊதினார். பாலு அண்ணன் பொறுக்க முடியாமல் பந்தை நம் கோலிலேயே அடித்துவிட்டார். கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் எதிராளி மட்டை பந்தில் படாமல் போனால் அது கோல் இல்லை என்று நடுவர் தள்ளிவிட்டார். ஆக, தோற்பதற்கும் மேட்டுத் தெருக்காரன் ஒருவன் மனசு வைக்க வேண்டும்! பாலு அண்ணன் அவர்களுடைய பன்னீர்செல்வத்திடம் மெதுவாகப் போனார். "அந்தாண்ட பாருடா, உனக்குப் பொண்ணு குடுக்கறவரு குடை புட்ச்சிகினு நிக்கறாரு. ஒரு கோல் போடத் தெரியாதவனுக்கா பொண்ணைக் குடுக்கறோம்னு யோசிச்சிகினு இருக்காரு" என்றார். அவ்வளவுதான். பன்னீர்செல்வம் ஓடிவந்து அடித்த பந்து வீரபாகு அண்ணனின் கைக்குக்கூட எட்டவில்லை. மேட்டுத் தெருக்காரர்கள் பன்னீர்செல்வத்தை அடிக்கப் போக, நம் ஆட்கள் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

ஆகவே மாமா, நாம் ஏழாவது. நாலாவது இல்லை. வரும் ஞாயிறு ஆள் பிரிக்கிறார்கள், முதல் பெயர் அஜித். மட்டைகளை நான் எண்ணெய் தடவி வைத்துவிட்டேன். கோப்பை வைக்க மாடத்தைக் கூடக் காலி செய்துவிட்டேன். அத்தைக்கு என் வணக்கங்கள், சின்னவளுக்கு முத்தங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் டீமுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
புஷ்பலதா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பாலு அண்ணன் ஓடி வந்தார். "போச்சு புஷ்பா! பன்னீர்செல்வம் அப்பா அஜித்துக்குத் தறி குடுத்துட்டாரு. இனிமே அவன் மேட்டுத் தெருக்காரன். ஆள் பிரிக்கறதுல வரமாட்டான்" என்றார். அப்பா தறியிலிருந்து தலை நிமிராமல், "யாரு, சந்தவாசல் பையனா? ஆடியிலேயே நம்ம வூட்டாண்ட வந்து தறி கேட்டானே" என்றார். பாலு அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சித்தப்பா, ரெண்டாவது தறி சும்மாத்தானே கெடக்குது! குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டார். "இன்னாடா பேசற? வயசுப் பொண்ணு இருக்கற வூட்டுல வயசுப் பையனைக் கூட்டியாந்து எதுத்தாப்புல உக்கார வெப்பாங்களா?" என்றார் அப்பா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேலே விவரமாக எழுதிய தோல்வி அத்தனைக்கும் காரணம் நான் வீட்டில் இருந்ததுதான் மாமா. முதல் ஆளை எடுக்கும் உரிமை இன்னும் நம்மிடமே இருக்கிறது, எடுக்கத்தான் தகுந்த ஆள் இல்லை. அடுத்த வருஷத்துக்கு வேறு திட்டம் வைத்திருக்கிறேன், அது கட்டாயம் பலிக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதில் மட்டும் ஜல்தியாகப் போட வேண்டாம்.