அருளப்பர் குகையில் உன் அண்ணி

பத்மு தீவு, கிரேக்க நாடு
1987 மே, ஞாயிற்றுக்கிழமை

நாகலூரில் இருக்கும் அன்புத் தங்கை ஜெயமேரிக்கு அண்ணன் பெரியநாயகம் எழுதிக்கொள்வது. கப்பலில் வாந்தி எடுத்தது போக மீதியெல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை அருள்சாமியும் பிள்ளைகளும் கறவை மாடும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கப்பல் கம்பெனியில் இஞ்சினியராக இருக்கும் நம் ஞானசுந்தரம், "அப்பா, சேசுவோட சீடர் அருளப்பர் சாமி குரல் கேட்டுக் காட்சி கண்ட தீவு இங்கதானுங்க இருக்குது" என்று டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்தான். கண்ணு, இங்கே திரும்பின பக்கமெல்லாம் சுண்ணாம்பு அடித்த கோயில்தான், நம் ஊரில் காப்பிச் செடி இருக்கிற மாதிரி. நானும் ஒன்று விடாமல் நுழைந்து முழங்காலிட்டு முட்டி வீங்கிப்போனேன். உன் அண்ணி தேவகுமாரிதான் ஒன்றிலும் கால் வைக்கவில்லை. எங்கள் மகள் செல்வமேரியை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்து அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் கோயில் படி மிதிக்காதது உனக்குத் தெரியும். மகனைப் பார்க்கத்தான் வந்தாளாம். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வெளிய உக்காந்திருக்கறன்" என்று சொல்லிவிடுவாள்.

நேற்று மலை உச்சியில் உள்ள பெரிய மடத்துக்குப் போனோம். தொள்ளாயிரம் வருஷத்துக் கட்டடம், கோட்டை மாதிரி நிற்கிறது. வாசலில் தாடிவைத்த சாமியார் ஒருவர், அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்களை நிறுத்தி, இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி கொடுத்துக்கொண்டிருந்தார். என் வேட்டியைப் பார்த்ததும் தலை வணங்கி உள்ளே விட்டார். நானும் நம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். உள்ளே சுவரெல்லாம் அர்ச்சிஷ்டவர்களின் படம். சாம்பிராணிப் புகையில் கறுத்த முகங்களில் கண் மட்டும் நம்மையே பார்க்கிறது. வெளியே வந்தால் ஒரு செருப்பை ஆடு மென்றுகொண்டிருக்கிறது, மற்றதைக் காணோம். அருளப்பர் குகை பாதி மலையில் இருக்கிறது. வெயிலில் சுட்ட கல்பாதையில் வெறுங்காலோடு "ஆண்டவரே, ஆண்டவரே" என்று துள்ளித் துள்ளி இறங்கினேன். பார்த்த ஜனங்கள் ஏதோ கடும் நேர்ச்சை என்று நினைத்துவிட்டார்கள். கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள் என் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்து அழுதாள். "உள்ளதை எடுத்துச் சொல்லுடா" என்றால் ஞானசுந்தரம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பின்னால் ஒரு சுற்றுப்பிரகார ஊர்வலமே வந்தது. அங்கிருந்த குருவானவர் என்னை முன்னால் உட்காரவைத்துவிட்டார், எழுந்தால் தோளை அமுக்குகிறார். வெளியே காத்திருந்து பொறுக்காமல், உன் அண்ணி விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். "ஏனுங்க, எத்தன நேரம்? எந்திரிங்க!"

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். தாழ்ந்த பாறைக்கூரை, அதில் மூன்றாய்ப் பிளந்த வெடிப்பு, அடியில் எண்ணெய் விளக்கு.

"சாமி குரல் இந்தப் பொளப்புலதான் வந்துச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா புள்ள."

போய்ப் பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அத்தனை கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. வெளியே வந்ததும், "என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலீங்க. நாந்தான் பேசினன். நொம்ப நாளாச்சில்லீங்க."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதன்கிழமை புறப்படுகிறோம். அடுத்த திங்களன்று நம் மலை அடிவாரத்துக்கு ஜீப் அனுப்ப மாப்பிள்ளையிடம் சொல். பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அண்ணன் பெரியநாயகம்

பி.கு.: புறப்படுகிறோம் என்று எழுதியதை அடித்துவிடவும். இன்று திங்கள் காலையில் உன் அண்ணியைக் காணாமல் தேடிப்போனால், கன்னியர் மடத்து அடுப்படியில் நின்றுகொண்டு, "பருப்புல ஒரு மொளகாகூடப் போடாம எப்பிடிம்மா செபம் பண்ணுறீங்க?" என்று கிரேக்கக் கன்னியாஸ்திரிகளைத் தமிழில் அதட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்களும் தலையாட்டுகிறார்கள். இங்கே வரப்போகிற அருளப்பர் திருநாள் முடியாமல் வரமாட்டாளாம். ஜீப் வேண்டாம். இரண்டு கிலோ மிளகாய்த்தூள் உடனே பார்சல் அனுப்பவும்.