முதலாளியம்மாவின் சுருள் நூல்

"இதே நீலம். இன்னும் ரெண்டு உருண்டை வேணும்," என்று பாதி பின்னிய சால்வையை மேசைமேல் விரித்தாள் பள்ளிக்கூட டீச்சர்.

முதலாளியம்மா அலமாரியைப் பார்த்தாள். அந்த நீலம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த சரக்கு வேறு தடவை சாயம் போட்டதாக வரும். சால்வையில் சேர்த்தால் ஒட்டுப் போட்டது போலக் காட்டிக்கொடுத்துவிடும். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் 'இங்கே இல்லை என்பதே இல்லை' என்று அவளே கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டியிருந்தாள். கடை திறந்து முழுசாய் இரண்டு மாதம் ஆகவில்லை; வாய் மட்டும் இருபது வருட வியாபாரம் பார்த்திருந்தது.

'முதலாளியம்மா' என்பது நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, வைத்த பெயர். இவர்கள் குடியிருந்த வீடும் நாத்தனாருடையதுதான்; அவள் இருப்பது வேறு தெருவில். போன மாதம் வந்தவள், முன்னறை முழுக்க நூல் உருண்டைகளைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"வேலைவெட்டி இல்லாதவங்க பின்றதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு முதலாளியம்மா! நூல் விக்கிறியே, ஒழுங்காப் பின்னத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகற அன்னைக்கு உன் கையால ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடு. கொடுத்தா முன்னறை உனக்கு. இல்லேன்னா கடையைச் சுருட்டிக்கோ."

அந்த ஸ்வெட்டரும் இதே நீலம்தான். முதுகு முடிந்து, மார்பு முடிந்து, இரண்டு கைகளும் முடிந்து, தைத்துச் சேர்ப்பதுதான் பாக்கி. புத்தியுள்ளவள் என்ன செய்திருப்பாளோ! முதலாளியம்மா உள்ளே போய், ஒரு கையைச் சரசரவென்று பிரித்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஐயையோ, அது அத்தானோட கையில்ல?" என்று பதறினான் கணவன்.

"வியாபாரம்னா சும்மாவா? கையை மறுபடி பின்னிக்கலாம். போன வாடிக்கை திரும்பி வருமா?"

டீச்சர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க இது, சுருட்டை முடி மாதிரி நெளிஞ்சு கிடக்கு?"

"புது ரகம் டீச்சர். சுருள் நூல். எல்லார்கிட்டயும் கிடைக்காது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. மறுநாள் அந்தப் பள்ளிக்கூடமே வாசலில் நின்றது. எல்லாருக்கும் சுருள் நூல்தான் வேண்டும். நேரான நூலைக் காட்டினால், பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறாயா என்பதுபோல் பார்த்தார்கள். இரண்டாவது கை போனது. மார்பு போனது. சனிக்கிழமை தபால் ஆபீஸ்காரி ஒரு தொப்பிக்காகக் கேட்க, முதுகின் கடைசித் துண்டும் போனது.

"ஒரே வாரத்துல எங்க அத்தானை முழுசா வித்துட்டே," என்றான் கணவன்.

புதுச் சரக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். நாலு வரிசைக்கு ஒரு தடவை வாசல் மணி அடித்தது. எழுந்து போய் வந்தால் கணக்கு தப்பியிருந்தது. மூன்று நாள் பின்னியதை எடுத்துப் பார்த்தால், ஒரு குழந்தை உள்ளே போகலாம், ஆனால் வெளியே வர முடியாது.

கடைசியில் ரிட்டயர் ஆன நர்ஸம்மாவின் காலைப் பிடித்தாள். நர்ஸம்மா, ஆர்டருக்குப் பின்னிக் கொடுப்பவள்.

"எனக்கு மணிக்கட்டு வலி. ஆனா ஒருத்தங்க இருக்காங்க, மெஷின் தோத்துடும். பேர் மட்டும் கேட்காதீங்க. வெளியே தெரிஞ்சா அவங்க கௌரவம் போயிடுமாம்."

"பின்றதுல என்ன கௌரவக் குறைச்சல்? என்ன பிறவியோ!" என்று உதட்டைப் பிதுக்கினாள் முதலாளியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரையும் சொல்லிடாதீங்க. மார்பு நாற்பத்திரண்டு. தொப்பைக்குக் கொஞ்சம் தாராளமா விடச் சொல்லுங்க."

சொன்ன நாளுக்கு ஸ்வெட்டர் வந்தது. ஒரு கண்ணி பிசகில்லை.

ரிட்டயர் ஆகிற அன்று நாத்தனார் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. "வாங்க முதலாளியம்மா," என்றாள் நாத்தனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பொட்டலத்துல என்ன, ஸ்வெட்டரா, சல்லடையா?"

பொட்டலத்தை அவளே பிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பினாள். கழுத்துப் பட்டியை விரலால் தடவினாள்.

"இது... நீ பின்னினதா?"

"ஒவ்வொரு கண்ணியும் என் கையால, அண்ணி."

முதலாளியம்மாவுக்கு அலமாரி, பலகை, முன்னறை எல்லாம் கண்முன் வந்து போயின. நாத்தனார் சுற்றியிருந்த சொந்தபந்தத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது. முன்னறையை நீயே வச்சுக்கோ."

கல்யாணம் ஆகிப் பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனாரோ ஸ்வெட்டரை அவசர அவசரமாக மடித்தாள். "அப்புறம் போட்டுக்கலாம், இப்ப புழுங்குது."

அதற்குள் அத்தான் அதை வாங்கித் தலைவழியே மாட்டிக்கொண்டார். தோள் உட்கார்ந்தது, கை உட்கார்ந்தது, தொப்பைகூடச் சௌகரியமாக உட்கார்ந்தது.

"அளவே எடுக்காம எப்படி அத்தான் இவ்வளவு கச்சிதமா இருக்கு?" என்று வியந்தான் முதலாளியம்மாவின் கணவன்.

"இருக்காதா பின்னே?" என்றார் அத்தான் வயிற்றைத் தடவிக்கொண்டே. "யாரோ தொப்பைக்காரர் ஆர்டர்னு சொல்லி, ரெண்டு வாரமா உங்க அக்கா என்னைத்தானே நிக்க வச்சு அளவு பார்த்துப் பார்த்து இதைப் பின்னினா!"