கப்பலுக்குக் கொடி காட்டப் போன கதை

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலுக்கு அரைமணி நேரத் தொலைவில் வாழ்க்கைப்பட்டும், கடல் என்றால் எல்லா இடத்திலும் ஆழமாகத்தான் இருக்கும் என்று முப்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கோதுமை ஏற்றிப் போன அந்தக் கப்பலை, போர் நடந்த ஒரு நாட்டில் பட்டாளத்தார் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததோடு விடாமல் தங்கள் வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, பெயரை அழித்து எண் எழுதி, கோதுமை இருந்த இடத்தில் லாரியும் கூடாரமும் ஏற்றினார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே, இவரையும் விடவில்லை. பதினான்கு மாதம். மாதம் ஒரு போன் வந்தால் அதிகம். அவர் கழற்றிப் போட்டுப் போன சட்டையைத் துவைக்காமலே வைத்திருந்தேன் (அத்தையிடம் சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்).

ஒருவழியாகக் கப்பலை விட்டார்கள். "பழுது பாக்க விசாகப்பட்டினம் போறோம். வெள்ளிக்கிழம நம்ம ஊரத் தாண்டிருவோம் புள்ள" என்று போனில் சொன்னார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை நானே செய்தேன். போனில் வரைபடத்தைத் திறந்து, கன்னியாகுமரியிலிருந்து விசாகப்பட்டினம் வரை கரையோரமாகவே விரலால் ஒரு கோடு இழுத்தேன். அது தனுஷ்கோடியை உரசிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை மாமா, அத்தை, மகள், அக்கம்பக்கத்தார் என்று பதினாறு பேர் திருவாடானைப் பக்கமிருந்து தனுஷ்கோடிக்கு வேனில் கிளம்பினோம். தூரத்திலிருந்தே அவருக்கு அடையாளம் தெரிய வேண்டுமென்று கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தேன் (உச்சி வெயிலில்!). மாமா கையில், கம்பில் கட்டிய சிவப்புப் போர்வை. அத்தை கையில் தூக்குவாளி நிறைய கருவாட்டுக் குழம்பு.

"கரையோரமா வந்தா ஒரு படகுல குடுத்துவிட்டுறலாம்ல" என்றார் அத்தை.

மதியம்வரை போர்வையை ஆட்டினோம். வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"தங்கச்சி, யாருக்குக் கொடி காட்டுறீக?"

"எங்க வீட்டுக்காரரு கப்பல் வருதுண்ணே."

"எம்புட்டுப் பெருசு?"

"ரயில் நீளம் இருக்கும்."

அவர் வலையைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கி நடந்தார். நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அங்கிருந்தே கத்தினார்: "இங்கன என் வள்ளமே தரை தட்டும்! பெரிய கப்பலெல்லாம் இலங்கையச் சுத்தித்தான் போகும்!"

பதினாறு பேரில் பதினைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவரைப் பார்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். அவர் இருக்கும் கப்பலையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் இராமேசுவரத்தில் டீ குடிக்கும்போது போன் வந்தது. அவருக்கு இலங்கை டவர் கிடைத்திருக்கிறது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"காலையிலருந்து நானும் மேல்தளத்துலதான் நிக்கேன்" என்றார். "நம்ம ஊரு பக்கமா வடக்க பாத்துத் துண்ட வீசிக்கிட்டு. எந்தக் கப்பலுக்குச் சைகை காட்டுறன்னு கேப்டனே வந்து கேட்டுட்டாரு."

விசாகப்பட்டினத்தில் கப்பலுக்கு மறுபடி வெள்ளை பூசி, பழைய பெயரையே எழுதினார்களாம். இவர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டு, வேறு கப்பலுக்குப் போய்விட்டார். இப்போதும் எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும், "இலங்கையச் சுத்தி வாராக" என்றுதான் கேலி. அவருடைய லீவு தள்ளிப்போகும்போது மட்டும் மகள் அதைக் கேலியாகச் சொல்வதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொல்வாள்: "அய்யா இலங்கையச் சுத்தி வரணும்லம்மா. லேட்டாகத்தான் செய்யும்."