ஆறு கம்ப்யூட்டர் குடியிருந்த பெட்டி

"ஆறு கம்ப்யூட்டரத் தூக்கி ஒரே கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டேன்ணே. ஆறும் உள்ள ஓடுது. இன்னும் நாலு போடலாம், எடம் கிடக்கு."

காலையில் வேலைக்கு வந்த சக்திகுமார் இப்படிச் சொன்னபோது, ஒரகடத்து சீட் ஃபிரேம் கம்பெனியின் கேட்டில் நின்ற செக்யூரிட்டி எல்லப்பன் சிரிக்கக்கூட இல்லை. எல்லப்பன் சிரிப்பதற்கும் பாஸ் வேண்டும். பாஸில் போட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு திருகாணி கூடினாலும் வண்டியை வெளியே விடமாட்டார். முதலாளியின் டிபன் கேரியரையே ஒருமுறை மடக்கினார். பாஸில் நாலு அடுக்கு, கையில் அஞ்சு அடுக்கு. அந்த அஞ்சாவது அடுக்கு மூன்று நாள் கேட்டில் காவலில் இருந்தது.

"இன்னா தம்பி, காலங்காத்தால டகுல் வுடற?"

சக்திகுமார் பொறுமையாக விளக்கினான். ஹைப்பர்வைசர் என்று ஒரு மென்பொருள். இணையத்தில் காசில்லாமல் கிடைத்தது. விண்டோஸ்கூட வேண்டாம், வெறும் இரும்பின்மேல் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தன்மேல் வரிசையாகக் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கும். வருகைப்பதிவு, லேபிள், ஸ்டோர்ஸ் என்று ஒவ்வொன்றும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும்.

"இருங்காட்டுக்கோட்டைல ஒரே ரூம்ல நாங்க எட்டுப் பேரு கிடக்கோம்லா, அதே மாரிதாண்ணே."

"வூட்டுக்காரன்கிட்ட நாலு பேருன்னு சொல்லிகினுதானே எட்டுப் பேரு கீறீங்க? அது டகுல்னா இதுவும் டகுல்தான்."

அன்றைக்குப் பார்த்து ஆடிட். சீட் ஃபிரேம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து பெருமாள்சாமி என்பவர் வருகிறார். ஆடிட் நல்லபடி முடிந்தால் கான்ட்ராக்டில் இருக்கும் சக்திகுமாருக்கு வேலை நிரந்தரம். கெட்டால் சொந்த ஊருக்கு, சங்கரன்கோவில் பஸ்.

மேனேஜர் ஸ்ரீதர் சர்வர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் ஒரே ஒரு பெட்டி. ஸ்வெட்டர் போடவேண்டிய ஏசியில் அவருக்கு வேர்த்தது.

"அவங்ககிட்ட ஆறுன்னு சொல்லியிருக்கோம்பா. ஒண்ணக் காட்டினா, மிச்சத்த வித்துத் தின்னுட்டோம்னு நினைப்பாங்க."

பழைய ஆறு கம்ப்யூட்டர்களும் ஸ்கிராப் ஷெட்டிலிருந்து திரும்பி வந்தன. ஒன்றுக்குள் குடும்பத்தோடு இருந்த பல்லிகளைக் கிளப்பிவிட்டு, துடைத்து, பெயர் ஒட்டி, வரிசையில் நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தால்தான் களையாக இருக்கும் என்று ஸ்ரீதர் சொன்னதால், வயர்களைச் செருகி ஆன் செய்தார்கள்.

இப்போது ஒரே பெயரில் இரண்டிரண்டு கம்ப்யூட்டர். கைரேகை மெஷினுக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. முதல் ஷிஃப்ட் மொத்தமும் லீவு என்று கணக்குக் காட்டியது. லீவில் இருந்தவர்கள் எல்லாரும் லைனில் நின்று வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சக்திகுமார் ஓடிப்போய்ப் பழையவற்றின் நெட்வொர்க் வயர்களைப் பிடுங்கினான். ஆறும் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி, ஒரு வேலையும் செய்யாமல் மினுக்கிக்கொண்டு நின்றன.

பெருமாள்சாமிக்குக் கை சும்மா இருக்காது. "இது நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே முதல் கம்ப்யூட்டரை அணைத்தார். வருகைப்பதிவு பாட்டுக்கு நடந்தது. அடுத்ததை அணைத்தார். லேபிள் பாட்டுக்கு வந்தது. ஆறையும் அணைத்தார். தொழிற்சாலை முன்னைவிட ஜோராக ஓடியது.

இருபத்தைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஏற்பாட்டை எங்குமே பார்த்ததில்லை என்றார். அவர் புகழப் புகழ, ஓடுவது அந்த ஆறும்தான் என்று ஸ்ரீதருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சந்தோஷத்தில், ஆடிட்டருக்கு இளநீர் வாங்கிவரச் சக்திகுமாரை அனுப்பினார்.

அவன் திரும்பி வந்தபோது மூலை காலியாக இருந்தது. பெயர் ஒட்டாத சாமான் பிளாண்டுக்குள் இருக்கவே கூடாது என்று சொல்லி, பெருமாள்சாமி அந்தப் பெட்டியில் சிவப்பு அட்டை ஒட்டியிருக்கிறார். ஸ்ரீதர் தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கி, பாஸும் எழுதி, ஸ்கிராப் டெம்போவில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

கைரேகை மெஷின் கண்ணை மூடிவிட்டது. லேபிள் இல்லாமல் நாலு லாரி நின்றது. நாலு லாரி நின்றால் இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் லைனே நிற்கும்.

"ஆறையும் ஆன் பண்ணிப் பாத்துட்டேன்பா. ஒண்ணும் வரல," என்றார் ஸ்ரீதர் பரிதாபமாக.

சக்திகுமார் இளநீரைக் கீழே வைக்கவும் மறந்து ஓடினான். செருப்பு ஸ்டோர்ஸ் பக்கம் ஒன்றும் கேன்டீன் பக்கம் ஒன்றுமாகக் கழன்று விழுந்தது. கேட்டில் ஸ்கிராப் டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு எல்லப்பன் உட்கார்ந்திருந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவெல்லாம் நேரமில்லை. இளநீரை டிரைவர் கையில் திணித்துவிட்டு, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினான்.

பிளக்கைச் செருகியதும் உள்ளே இருந்த ஆறும் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அதுவரை மொத்தத் தொழிற்சாலையும் நின்றதை டீ நேரம் என்று நினைத்துக்கொண்ட பெருமாள்சாமி, எல்லாரும் ஒரே சமயத்தில் டீக்குப் போய் ஒரே சமயத்தில் திரும்பும் ஒழுங்குக்காகத் தனியாக மார்க் போட்டார்.

சாயங்காலம் ஸ்ரீதர் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றார். சக்திகுமார் மிதந்துகொண்டே கேட்டுக்கு வந்தான். எல்லப்பன் வழக்கமான முகத்தோடு நின்றிருந்தார்.

"மேனேஜரே கையெழுத்துப் போட்ட பாஸுல்லாண்ணே அது. டெம்போவ ஏன் மறிச்சீங்க?"

எல்லப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ்ல ஒரு கம்ப்யூட்டர்னு போட்டுகீது. உள்ள ஆறு கீதே, மீதி அஞ்சுக்கு எவன் பாஸ் குடுப்பான்?"