கொம்பையா யோசித்துச் சொன்ன பதில்

ஒரு காட்டில் சிங்கராஜா திடீரென்று திருந்திவிட்டார். இனி எந்தப் பிராணியையும் அதன் சம்மதம் இல்லாமல் தின்பதில்லை என்று அறிவித்தார். சம்மதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் செயலாளர் நரி இருக்கிறதே. கோயில் கொடைகளில் வெட்டப்போகும் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள் அல்லவா, ஆடு உடம்பைச் சிலிர்த்தால் சரி என்று அர்த்தம். நரி அதையே சட்டமாக்கிவிட்டது. தலையில் பச்சைத் தண்ணீர் பட்டால் சிலிர்க்காத பிராணி எது? டோக்கன் வாங்கி வரிசையில் நின்ற முயலும் மானும் பன்றியும் வஞ்சனையில்லாமல் சிலிர்த்தன. ராஜாவும் மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் கொம்பையா என்கிற கிடாவின் முறை வந்தது. கொம்பையா யோசிக்காமல் எதையும் பேசாது. 'மே' என்று கத்துவதா, 'மேஏ' என்று இழுப்பதா என்று அசைபோட்டதிலேயே அதன் வாலிபம் போயிற்று. பெண்டாட்டி செவத்தி நேர்மாறு. அதன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

தண்ணீர் தெளித்தார்கள். சிலிர்க்கலாமா வேண்டாமா என்று கொம்பையா யோசித்தது. யோசித்ததில் சிலிர்க்க மறந்துவிட்டது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். அப்போதும் யோசனைதான். பொழுது சாய்ந்தது, ராஜா பட்டினி. பின்னால் நின்றவை எல்லாம் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று வீட்டுக்குப் போயின.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே கதை. காடே கொம்பையாவைக் கொண்டாடியது. மௌனத்தின் மகிமையைப் பற்றிக் கிளி மேடை போட்டுப் பேசியது. கழுத்தில் மாலை விழுந்தது. அதைத் தின்னலாமா என்று கொம்பையா யோசித்தது. செவத்தி மட்டும், இது நல்லதுக்கில்லை என்று சொல்லிக்கொண்டே திரிந்தது.

நரி சும்மா இருக்குமா? சட்டத்தைத் திருத்திவிட்டது. இனி மௌனம் சம்மதம். விருப்பமில்லாதவர்கள், ராஜா ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் 'மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கொம்பையா முன்னால் வந்து நின்றது. 'மாட்டேன்' என்று பட்டென்று சொன்னால் மரியாதைக் குறைவு. 'முடியாது' என்றால் சண்டைக்குப் போகிற மாதிரி. 'பிறகு பார்க்கலாம்' என்றால் பொய். ராஜா வாயைத் திறந்தார்.

"ஏங்க, எதையாவது சொல்லித் தொலைங்க. தப்பாச் சொன்னாலும் பரவால்ல" என்று பின்னாலிருந்து செவத்தி கெஞ்சியது.

கொம்பையா ஒரு குளம்பைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டியது. கொட்டாவி முடிந்துவிட்டது. ராஜா பசி வேகத்தில் மெல்லக்கூட இல்லை, முழுசாக விழுங்கினார்.

வயிற்றுக்குள் நல்ல இருட்டு. வரிசை இல்லை, சத்தம் இல்லை, அவசரப்படுத்த ஆளில்லை. யோசிக்க இப்படியொரு தோதான இடம் கொம்பையாவுக்கு ஆயுசில் கிடைத்ததில்லை.

வெளியே, இத்தனை நாள் பசிக்கு ஒரு ஆடு எந்த மூலைக்கு என்று ராஜா அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார். அது செவத்தியுடையது. வாழ்நாளெல்லாம் வாய் ஓயாத செவத்திக்கு அன்றைக்குப் பார்த்து வார்த்தை வரவில்லை. புருஷன் போன துக்கம்.

"சொல்லும்மா, சம்மதமா?" என்று நரி கேட்டது.

செவத்தி கண்ணீர் விட்டபடி நின்றது. ராஜா உண்ட மயக்கத்தில் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். திறந்த வாய் மூடப்போகும் சமயத்தில் உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"நல்லா யோசிச்சிட்டேன். மாட்டேன்."

நரி திகைத்துவிட்டது. 'மாட்டேன்' கொட்டாவிக்குள் வந்துவிட்டது. அது யாருடைய வாயிலிருந்து வர வேண்டும் என்று சட்டத்தில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் செவத்தியை வீட்டுக்குப் போகச் சொன்னது.

போகிற வழியில் செவத்தி ராஜாவின் வயிற்றருகே நின்று அழுதது. "இத ஒரு கொட்டாவிக்கு முன்னாடி சொல்றதுக்கு என்னங்க?"

அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று உள்ளே கொம்பையா யோசிக்க ஆரம்பித்தது.

நீதி: எப்போதும் யோசித்தே பேசுங்கள், உங்களுக்கு உதவாவிட்டாலும் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு உதவும்.