திரும்பி வந்த வடைமாலை

வடைமாலை திரும்பி வந்துவிட்டது.

நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சாத்திய பிரசாதம். அதைக்கூட ஒரு அதிகாரி திருப்பி அனுப்புவார் என்று தனசேகர் கனவிலும் நினைக்கவில்லை.

"சாமி பிரசாதத்தையே வேண்டாங்கறாங்களே பிரபா!"

"வடைக்கு நடுவுல தங்கக் காசை வெச்சா அது பிரசாதமாங்க?" என்றாள் மனைவி.

இருவரும் சேர்ந்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறார்கள். ஆர்டர் குறைந்து பாதிப் பட்டறை காலியாகக் கிடக்கிறது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் முட்டை ஏற்றும் குளிர்சாதன லாரி கட்ட ஒரு டென்மார்க் கம்பெனி முதலீடு செய்ய முன்வந்திருந்தது. லஞ்ச வாடை அடித்தால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவோம் என்பது அவர்கள் நிபந்தனை. லஞ்சமில்லாமல் பட்டறை விரிவாக்க அனுமதி நகராது என்பது தனசேகரின் நம்பிக்கை. பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"காசு பத்தலையாட்ட இருக்குது" என்று முடிவு கட்டி, இரண்டு நாட்டுச் சேவலையும் ஒரு அட்டை முட்டையையும் அதிகாரி அறிவுச்செல்வியின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

காலையில் டென்மார்க் அம்மா ஹெல்கா வந்து இறங்கினார். கூடவே மொழிபெயர்க்க, சென்னை அலுவலகத்திலிருந்து வித்யா. தனசேகர் பட்டறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு அரசாங்க ஜீப் உள்ளே நுழைந்தது. அறிவுச்செல்வி இறங்கினார். ஒரு கையில் சேவல்கள், மறு கையில் முட்டை அட்டை.

"இவங்க யார்?" என்று வித்யா கேட்டாள்.

தனசேகர் முந்திக்கொண்டார். "என்ற கொழுந்தியாளுங்க. விசேஷத்துக்குச் சீர் கொண்டாந்திருக்குது."

திடீரென்று தனக்கொரு தங்கை முளைத்ததைக் கண்டு பிரபா அறிவுச்செல்வியை ஏற இறங்கப் பார்த்தாள்.

வித்யா மொழிபெயர்த்ததும் ஹெல்காவின் பார்வை ஜீப்பிலிருந்த அலுவலகப் பெயர்ப்பலகைக்குப் போனது. முகம் மாறியது.

"அனுமதி தர்ற அதிகாரியே உங்க சொந்தக்காரங்களான்னு மேடம் கேக்கறாங்க."

"சொந்தந்தானுங்க. ஆனா பேச்சுவார்த்தை கிடையாதுங்க! ஜென்மப் பகை!"

"பகையாளி எதுக்குச் சீர் கொண்டு வர்றாங்க?"

அதற்குள் அறிவுச்செல்வி சேவல்களைத் தனசேகர் கையில் திணித்தார்.

"நான் யாருக்கும் கொழுந்தியா இல்லைங்க. உங்க அனுமதியில நேத்தே, வடை வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டாச்சு. மெயிலைத் திறந்து பாக்காம இப்படி என்ற ஊட்டு வாசல்ல கோழியக் கட்டிட்டுப் போறீங்களே, நல்லாவா இருக்குது?"

முட்டை அட்டையைப் பிரபாவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வித்யா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். ஒரு சேவல் தன் பங்குக்குக் கூவியது.

ஹெல்கா வித்யாவை அழைத்துக்கொண்டு காருக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"எல்லாம் போச்சு பிரபா" என்று தனசேகர் ஒரு பலகை மேல் உட்கார்ந்தார். கண் கலங்கியது. "பட்டறைப் பசங்க வேலைக்குக் கூப்புடுவேன்னு காத்துக்கிட்டிருக்காங்க. என்ற புத்தியால கெடுத்துப்போட்டேன்."

பிரபா திட்டுவாள் என்று பார்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சேவலை வாங்கிக்கொண்டாள். அது அவருக்கு இன்னும் வலித்தது.

கார் கதவு திறந்தது. வித்யா மட்டும் இறங்கி வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"குடுக்கறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்களாம் சார், வாங்காத அதிகாரி இருக்கற ஊரைத்தான் மேடம் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தாங்களாம், அதனால முதலீடு இங்கதான்! ஆனா ஒப்பந்தத்துல பிரபா மேடம் கையெழுத்துப் போடட்டுமாம், நீங்க சேவலைப் பிடிச்சுக்கிட்டா போதுமாம்."