கடைசிப் பக்கத்தில் பதினொரு கடிதங்கள்

நான் பி.ஏ. வரலாறு. அதெல்லாம் ஒரு படிப்பே இல்லை என்பது என் மாமனாரின் தீர்ப்பு. "ஹிஸ்டரி படிச்சு என்ன பண்றது? செத்தவாளை எண்ணலாம்" என்பார். எண்ணிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். கணவருக்கு வேலை, எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. ஆறு மாதம் தங்கலாமென்று மாமனார் சந்தானம் வந்திறங்கினார். அவருடைய அண்ணா முப்பது வருஷத்துக்கு முன் இதே பக்கம் வேலைக்கு வந்து, வாடகை அறையில் திடீரென்று இறந்துபோனவர். கல்யாணம் ஆகாதவர். ஊருக்குப் போன தந்தியில் இறந்த நாள் இல்லை. தந்தி வந்த நாளையே வைத்து மாமனார் வருஷா வருஷம் திதி கொடுத்துவந்தார். கூடவே தவறாமல் ஒரு வசனம்: "அமெரிக்கா போனப்புறம் ஒரு கடுதாசி போட்டானா, பாவி? நான்தான் விடாம எள்ளும் தண்ணியும் எறைக்கறேன்."

சரியான நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் என் பி.ஏ.வுக்கு மோட்சம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் இங்கே யாராவது தனியாகச் செத்துக்கிடந்தால், கொரோனர் என்ற அதிகாரி சாட்சிகளை விசாரித்து எழுதிவைப்பார். மூன்று வாரம் பஸ் பிடித்து கவுண்டி ஆபீசுக்கு அலைந்தேன். எங்கள் பெயர்களில் எது அப்பா பெயர், எது பிள்ளை பெயர் என்று அங்கிருந்த அம்மாளுக்கு விளக்குவதற்குள் பாதி உயிர் போயிற்று. கடைசியில் நாலு பக்க நகல் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே தேதி, நேரம். அதோடு மூடிவிட்டேன். (ஆராய்ச்சியாளராம்!)

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சத்யநாராயண பூஜை. இருபது பேர். வார நாளில் இன்ஜினியராக இருப்பவர்தான் அன்றைக்குச் சாஸ்திரிகள். சுண்டல் விநியோகத்துக்கு நடுவே விஷயத்தை அறிவித்தேன்.

"பூஜை அன்னிக்கு சாவு சமாசாரமா?" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"நீ படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மாமனார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பில் மயங்கி, கான்வென்ட் உச்சரிப்போடு ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரியின் சாட்சி: தினமும் மாடியிலிருந்து இறங்கி வந்து தபால் இருக்கிறதா என்று கேட்பார், அவர் போட்ட கடிதங்கள்தான் திரும்பி வரும். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்டால்தானே! கடைசிப் பக்கத்தில் அறையிலிருந்த சாமான்கள்: கோட்டு ஒன்று. மூக்குக்கண்ணாடி ஒன்று. இந்தியாவிலிருந்து திரும்பி வந்த, பிரிக்காத கடிதங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் 'வாங்க மறுப்பு' என்று எழுதி, கீழே கையெழுத்து, வி. சந்தானம்.

அத்தனை பேரும் அமெரிக்காவில் எம்.எஸ். வாங்கியவர்கள். ஒருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாஸ்திரிகள் பாவம், பஞ்சாங்கத்தைப் பிரித்தபடி, "அப்போ திதியை மாத்திடலாமா மாமா?" என்றார்.

"வேண்டாம். பழைய நாளே இருக்கட்டும்."

அடுத்த வாரமே ஊருக்கு விமானம் ஏறினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போட்ட கடிதத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, போடவில்லையென்று முப்பது வருஷம் திட்டிய மனிதர். அவர் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் ஒரு வயதானவரை இருபது பேர் நடுவில் உரித்துப் போட்டேனே, அது அதைவிடக் கசந்தது.

இன்றைக்கும் நான் எதைப் படிக்க எடுத்தாலும், ஹோட்டல் மெனுவே ஆனாலும், "அம்மா, லாஸ்ட் பேஜ் ஃபர்ஸ்ட்!" என்று என் பெண் கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவர் போனதும் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டேன். ஒரே மாதத்தில் பிரிக்காமல் திரும்பி வந்தது. மேலே இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை.